மூணு தாமதமாக வரும் ஊர்

தலைமடை என்கிற ஊரில், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறிக்கொண்டிருந்த ஆவுடையப்பனின் வாயிலிருந்து 'ஒரு தரம்' வந்தது, 'ரெண்டு தரம்' வந்தது, 'மூணு தரம்' வரவில்லை.

வாய் திறந்துதான் இருந்தது. நாக்கு எழும்பித்தான் நின்றது. கையிலிருந்த பிரம்பு பலகையில் விழுவதற்காக ஓங்கித்தான் இருந்தது. ஆனால் சொல் மட்டும் வழியில் யாரையோ பார்த்து நின்று பேசிக்கொண்டிருப்பதுபோல வந்து சேரவில்லை. தரையில் பூவன் தார்கள் வரிசையாகப் படுத்திருந்தன, அவற்றைச் சுற்றி நாற்பது வியாபாரிகள் நின்றார்கள், நாற்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள், முடிந்தால் அவரும் தன் வாயையே பார்த்திருப்பார். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். தண்ணீர் உள்ளே போனது, சொல் வெளியே வரவில்லை. பிறகு, மண்டி வாசலில் டீக்கடை போட்டிருக்கும் பேச்சித்தாய் இரண்டாம் ஈடு வடையை எண்ணெயிலிருந்து அள்ளித் தட்டில் போட்ட நேரத்தில், ஒன்றுமே நடக்காததுபோல 'மூணு தரம்' என்று கணீரென்று வந்தது. பிரம்பு பலகையில் விழுந்தது, தார் கைமாறியது, எல்லோரும் அடுத்த தாருக்கு நகர்ந்தார்கள். அடுத்த தாருக்கும் இதே கதைதான்.

இது வேறு யாருக்கு நேர்ந்திருந்தாலும் ஊர் இவ்வளவு சிரித்திருக்காது. ஆவுடையப்பன் வேகத்துக்குப் பேர்போன மனிதர். பஸ் நிற்பதற்குள் இறங்குகிறவர், காபியை ஆறவிடாமல் குடிக்கிறவர், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மேடைக்கு வருவதற்கு முன்பே முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெற்றிலையோடு வெளியே வருகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஏலம் கூறினால் 'ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்' என்று ஒரே சொல்லாகத்தான் காதில் விழும். நடுவில் ஒரு ஈ நுழைய இடம் இருக்காது. அறுபது வண்டித் தாரை இட்லி நேரத்துக்குள் விற்று முடித்துவிடுவார் என்று பக்கத்து ஊர் மண்டிக்காரர்கள் பொறாமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமையில்தான் அவர் சட்டையே மாட்டாமல் துண்டோடு நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்.

அன்றைக்கு மத்தியானத்துக்குள் விஷயம் மண்டியைத் தாண்டிவிட்டது. அடுப்பில் வைத்த குக்கர் இரண்டு விசில் அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. மூன்றாவது விசிலுக்காகக் காத்திருந்த வீட்டிலெல்லாம் பருப்பு பாயசமாகிவிட்டது. பள்ளிக்கூடத்து மணி இரண்டு முறை அடித்து நின்றது. தபால்காரருக்கு இரண்டு தும்மல் வந்து, மூன்றாவதுக்காக மூக்கைத் தூக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, கையில் யாருடைய கடிதத்தையோ பிடித்தபடி தேரடியிலேயே நின்றார். போகிறவர்கள் எல்லோரும் அவருக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவதோடு முடிகிற காரியம் எதுவாக இருந்தாலும், அந்த மூன்றாவது தாமதமாகத்தான் வந்தது. எவ்வளவு தாமதம் என்று எபனேசர் வாத்தியார் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் அளந்தார். ஒவ்வொரு தடவையும் இருபத்துநாலு நிமிஷம், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றார். அது சரியாக ஒரு நாழிகை என்று சிவன் கோயில் பட்டர் சொன்னார். எதனால் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது, கேட்டார்கள்தான், ஆனால் மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஊருக்கு மேற்கே வாய்க்கால் பாலம் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் மூணு பழையபடி உடனே வந்தது. லாரி டிரைவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். அதனால் அவசரக் காரியம் உள்ளவர்கள் பாலம் தாண்டிப் போய் மூன்று எண்ணிவிட்டு வந்தார்கள். ஆனால் பாலம் வரை நடந்து போய்த் திரும்பி வரவே ஒரு நாழிகை ஆகிவிடும் என்பதால், கொஞ்ச நாளில் அந்த நடையையும் விட்டுவிட்டார்கள்.

ஆடி பிறப்பதற்குள் தலைமடை இதற்குப் பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, ருசி கண்டுவிட்டது. சண்டை போடுகிறவன் இரண்டு அடி அடித்துவிட்டு மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையோடு ஒரு நாழிகை நிற்கவேண்டியிருந்தது; அடி வாங்கவேண்டியவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்; பிறகு, "கை வலிக்கும்லே, முட்டுக் குடுக்கட்டா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு எங்கிருந்து அடிப்பது? ஸ்டேஷனில் ஏட்டையா தினமும் நாளிதழை விளம்பரம் உட்பட வாசிக்கத் தொடங்கினார். தாய்மார்கள் வழக்கம்போல, "மூணு எண்ணுறதுக்குள்ள வீட்டுக்கு வரல, தோலை உரிச்சிருவேன்" என்று கத்தினார்கள். பிள்ளைகள் கணக்குப் பார்த்து, ஒரு ஆட்டம் முழுதாக ஆடி, கை கால் கழுவிவிட்டு, இரண்டு நிமிஷம் மிச்சம் வைத்து வந்து நின்றார்கள். ஸ்டூடியோக்காரர், "ஒன்னு, ரெண்டு..." என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லோருடைய போட்டோச் சிரிப்பும் வடிந்தது, அடுத்த பத்து நிமிஷத்தில் விறைப்பு இறங்கியது, கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ வீட்டு விஷயத்தைப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது மூணு வந்து படம் விழுந்தது. அந்த வருஷம் எடுத்த படங்களில்தான் தலைமடைக்காரர்கள் தலைமடைக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். கோயிலில் பட்டர் கற்பூரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி மூன்றாவதுக்குக் கை நின்றபோது, வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடுகிற சனம் ஓட முடியாமல் சாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மனுக்கு இடது மூக்கில் ஒரு சின்ன மச்சம் மாதிரிக் குழி இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

பழக முடியாத ஒரே ஆள் ஆவுடையப்பன்தான். மூணை விட்டுவிட்டு, "ஒரு தரம், ரெண்டு தரம், நாலு தரம்!" என்று ஒருநாள் தாவிப் பார்த்தார். நாலு வந்தது. ஆனால் மூணு விழாமல் நாலு செல்லாது என்று வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதோடு விட்டதா? வீட்டுக்குப் போய் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது, சாம்பாரைப் பார்த்து, "மூணு தரம்!" என்று அவர் வாய் தானாக முழங்கியது. அவர் மனைவி உலகம்மாள், "சாம்பார் எனக்கே விழுந்துட்டா?" என்று கேட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உலகம்மாள் சிரித்தாலும் அவள் மனசில் சிரிப்பு இல்லை. ஆவணி பதினெட்டில் அவர்கள் மகன் சிவஞானத்துக்குக் கல்யாணம் வைத்திருந்தது. பெண் கடையத்துக்காரி, நல்ல இடம், எல்லாம் கூடிவந்திருந்தது. அவர்கள் குடும்பத்து வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடவேண்டும். சிவஞானத்துக்கு ஒரே அக்கா. பெயர் கோமதி. அவளோடு ஆவுடையப்பனுக்கு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அது எப்படி நடந்தது என்பது மண்டிக்கே தெரியும், ஏனென்றால் மண்டியில்தான் நடந்தது. ஒருநாள் கோமதி அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கோடு வந்து ஓரமாக நின்று ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு செவ்வாழைத் தார் ஏலத்துக்கு வந்தது. மாசானம் என்று ஒரு சில்லறை வியாபாரி, தோள் எலும்பு பிசகி வலது கை சட்டென்று எழும்பாதவர், மகள் வளைகாப்புக்காக அந்தத் தாரைக் கேட்க வந்திருந்தார். கேட்கிறவர் கை தூக்கவேண்டும் என்பது மண்டி முறை. மாசானத்தின் கை முழங்கை மட்டத்துக்கு வந்திருந்தபோது பிரம்பு பலகையில் விழுந்துவிட்டது. "அப்பா, மாசானம் மாமா கை பாதி வழியில நிக்கி. அதுக்குள்ள முடிச்சிட்டிய. இதுக்குப் பேரு ஏலமில்ல, பிடுங்குறது" என்றாள் கோமதி. மண்டி மொத்தமும் சிரித்தது. ஆவுடையப்பனைப் பார்த்து யாரும் அதுவரை சிரித்ததில்லை. அவர் முகம் கறுத்துப்போயிற்று. "என்னை நாலு பேருக்கு முன்னால பேசுத மக எனக்கு வேண்டாம்! ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்!" என்று சொல்லிப் பிரம்பைப் பலகையில் அடித்துவிட்டார்.

வேறு தகப்பனாக இருந்தால் இரண்டு வசவு வைதிருப்பான், சாயங்காலம் மறந்திருப்பான். ஏலக்காரர் மூணு எண்ணிவிட்டால் எண்ணியதுதான். சொந்த அண்ணன் தம்பி வந்து கெஞ்சினாலும் திருப்புவதில்லை, அதில்தான் மண்டியே நிற்கிறது. அது கோமதிக்கும் தெரியும். அவள் தூக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பாளையங்கோட்டையில் படித்தாள், அங்கேயே கை கால் பிசகினவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்கிற வேலையில் அமர்ந்தாள், ஊர்ப் பக்கம் வரவில்லை. உலகம்மாளும் சிவஞானமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். கல்யாணம் நிச்சயமானதும் சிவஞானம் போய்க் கூப்பிட்டான். "உன் கல்யாணத்துக்கு வர எனக்கு ஆசையில்லாமலா? ஆனா எண்ணினவுகதான் வந்து எண்ணுனதத் திரும்ப எடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

"அவனோட பெரியப்பா மக ஒருத்தி இருக்காள்லா, அவள முடிச்சுப் போடச் சொல்லு" என்றார் ஆவுடையப்பன்.

"போடச் சொல்லலாம்" என்றாள் உலகம்மாள். "முன்ன மாதிரின்னா கெட்டிமேளச் சத்தத்துல ஒரு நொடியில யாரு போட்டான்னே தெரியாம போயிரும். இப்பம் மூணாம் முடிச்சுக்கு ஒரு நாழியல்லா ஆவும்? அம்புட்டு நேரமும் அந்தப் பிள்ள பொண்ணு கழுத்துப் பின்னால கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். ஆயிரம் பேரு பாப்பாவ. இது யாரு, சொந்த அக்கா எங்கன்னு ஆயிரம் பேரும் கேப்பாவ. ஒரு நாழி நேரம் நீங்க எங்க போயி முகத்த வச்சுக்கிடுவிய?"

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அவருடைய வேகம் எத்தனையோ விஷயத்தை இதுவரை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது மறைக்க இடமில்லாமல் போயிற்று. அதைவிடப் பெரிய தொந்தரவு மண்டியில் இருந்தது. ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவே கிடந்த அந்த ஒரு நாழிகையில் வியாபாரிகள் டீ குடித்தார்கள், தாரைப் புரட்டி அடியில் அழுகல் இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவசரப்பட்டு விலையை ஏற்றிவிட்டோமே என்று யோசித்தவர்கள் கையை இறக்கினார்கள், யோசித்துக்கொண்டே இருந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். நூறு தாரை நூறு தடவை எண்ணினால் மறுநாள் ராத்திரி ஆகிவிடும் என்று எல்லாத் தாருக்கும் சேர்த்து ஒரே மூணு என்று வைத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. ஆவுடையப்பனுக்கு மட்டும் ஓங்கிய பிரம்போடு நிற்பதைத் தவிர வேலையில்லை. ஓடிக்கொண்டிருந்தவரை ஞாபகங்கள் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தன. நின்றதும் ஒவ்வொன்றாக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. கோமதி முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாளே, அப்போது தனக்கு அவசரம் என்று கை காட்டாமல் வந்துவிட்டது உட்பட எல்லாம் வந்தது.

ஆடிக் கடைசியில் ஒருநாள், இரண்டு தரம் சொல்லிவிட்டு நின்றபோது, மாசானத்தின் கை தலைக்கு மேல் விறைப்பாக எழும்பி நிற்பதைப் பார்த்தார்.

"மாசானம், கை நல்லா எழும்புதே?"

"எழும்புது அண்ணாச்சி. வியாழக்கெழம தோறும் பாளையங்கோட்டைக்குப் போயிட்டு வாரேன். கோமதிதான் பாக்கா. அவசரப்படாதிய மாமா, ஒரு நாளைக்கு ஒரு விரக்கடை ஏறுனாப் போதும்னு சொல்லிச் சொல்லியே ஏத்திட்டா" என்றார் மாசானம். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களக் கேப்பா. நேரடியாக் கேக்க மாட்டா. மண்டி எப்படி இருக்குன்னு கேப்பா" என்றார்.

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். தரையில், வரிசையின் கடைசியில், அடிபட்டுக் கறுத்த ஒரு நாட்டுத் தார் கிடந்தது. அதைக் கேட்க ஒரு கையும் எழும்பியிருக்கவில்லை. கேள்வி இல்லாத தார் மண்டியில் விலைபோகாது. எத்தனை தரம் எண்ணினாலும் செல்லாது, உடையவன் எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அது மண்டி தொடங்கிய நாளிலிருந்து உள்ள முறை. அந்தத் தாரின் சொந்தக்காரன் காத்திருந்து பார்த்துவிட்டு, தாரைக் குனிந்து எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துண்டால் தட்டி, தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் போன பிறகு மூணு வந்து வெறும் தரையில் விழுந்தது.

ஆவுடையப்பன் பிரம்பை இறக்கவில்லை. அன்றைக்குக் கோமதியை எண்ணியபோது கேட்டது யார்? எந்தக் கை எழும்பியது? ஒரு கையும் எழும்பவில்லை. கேள்வியே இல்லாத இடத்தில் எண்ணியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷ ஏலக்காரர், நேற்று மண்டிக்கு வந்த சுமைக்காரனுக்குக்கூடத் தெரிந்த முறையை மறந்து, செல்லாத எண்ணிக்கையை நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார். நின்று யோசித்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்திருக்கும். அவர் எங்கே நின்றார்?

ஞாயிற்றுக்கிழமை உலகம்மாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்து, அதே பழைய தூக்குச்சட்டியில் வைத்து, பாளையங்கோட்டைக்குப் புறப்பட்ட அவர் கையில் கொடுத்தாள். பஸ் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியபோது ஆவுடையப்பன் வாய்க்குள்ளேயே 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்று சொல்லிப் பார்த்தார். மூணு உடனே வந்தது. பாளையங்கோட்டையில் பஸ் முழுசாக நிற்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார்.

கோமதி வேலைபார்த்த பயிற்சிக்கூடம் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை மெதுவாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். கோமதி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடி போட்டிருந்தாள்; அது அவருக்குப் புதிது.

"வாங்க" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

ஆவுடையப்பன் உட்காராமலேயே ஆரம்பித்தார். "கோமு, அன்னைக்கு நான் எண்ணுனது செல்லாது. கேள்வி இல்லாம எண்ணிட்டேன். மண்டி முறைப்படி உடையவன் வீட்டுக்குத்தான் திரும்பணும்." வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது இவ்வளவுதான்.

"முறையெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் கோமதி. "நான் என்ன தாரா?"

முழங்கால் அம்மாள் நீட்டிய காலை மடக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பனின் நாக்கில் நாலைந்து பதில்கள் வேகமாக வந்து முட்டின. இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம். ஆனால் இந்த மூன்று மாதத்தில் அவருக்கு வேறொரு பழக்கமும் வந்திருந்தது. அவர் நின்றார். வந்த பதில்கள் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரிந்து திரும்பிப் போயின. கடைசியாக ஒன்று மட்டும் மிஞ்சியது.

"இல்ல மக்கா. நீ தார் இல்ல. மாசானம் கை பாதியில நின்னத அன்னைக்கு நானும் பாத்தேன். பாக்கலன்னு இல்ல. பாத்துட்டுத்தான் முடிச்சேன், வேகமா முடிக்கிறவன்னு பேரு வாங்கணும்ல்லா. நீ சொன்னது நெசம். நெசத்தச் சொன்னதுக்குத்தான் உன்னை எண்ணுனேன்" என்றார். கையிலிருந்த தூக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "சிவஞானத்துக்குக் கல்யாணம். மூணாம் முடிச்சு நீ போடணும்னு கூப்பிட வந்திருக்கேன். வரலன்னாலும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். கூப்பிடுதேன், ஒரு தரம்."

கோமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ரெண்டு தரம்" என்றார்.

மூணு நாக்கு நுனியில் தயாராக நின்றது. பாளையங்கோட்டையில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆவுடையப்பன் வாயை மூடிக்கொண்டார். சுவர் ஓரத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, மகளின் கையைப் பார்த்தபடி இருந்தார்.

தலைமடையில் நடப்பதெல்லாம் மாசானம் சொல்லிக் கோமதிக்குத் தெரியும். ஊர் வழக்கம் இங்கேயும் கூடவே வந்துவிட்டதாக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். முழங்கால் அம்மாளிடம் திரும்பி, "நீங்க மடக்குங்கம்மா, மெதுவா" என்றாள். அந்த அம்மாள் பத்துத் தடவை நீட்டி மடக்கினாள், போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக மனசில்லாமல் போனாள். கோமதி ரப்பர் பந்துகளைப் பொறுக்கி வைத்தாள், துணிகளை மடித்தாள், ஜன்னலுக்குப் போய் நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் மூணு உடனே வரும். இங்கே அப்பாவை எதுவும் நிறுத்தி வைக்கவில்லை, அப்பாவாகத்தான் நின்றிருக்கிறார். கைக்கடிகாரம் கட்டக்கூட நேரமில்லாத அப்பா. சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதி இலையில் எழுந்து ஓடுகிற அப்பா. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், நன்றாக அழுதாள்.

ஆவுடையப்பன் பக்கத்தில் போகவில்லை, கூப்பிடவும் இல்லை. அவர் மடியில் தூக்கு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு நாழிகை ஆயிற்றா, இரண்டு நாழிகை ஆயிற்றா என்று அவருக்குத் தெரியாது. எவ்வளவு ஆனாலும் சரிதான் என்று இருந்தார்.

முதலில் விரல் நுனி தெரிந்தது. பிறகு மணிக்கட்டு. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே கோமதி கையைத் தூக்கினாள். அது முழங்கை மட்டத்துக்கு வந்து, கொஞ்சம் நின்று, அதற்கும் மேலே ஏறி, தோளைத் தாண்டித் தலைக்கு மேல் வந்து நின்றது.

"மூணு தரம்" என்றார் ஆவுடையப்பன், பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்குவதுபோல மெதுவாக.

"துவையல் வச்சிருக்காளா அம்மா?" என்று கேட்டாள் கோமதி.

ஆவணி பதினெட்டு அன்று கல்யாணம் நடந்தது. மூணாம் முடிச்சு முகூர்த்தத்துக்குள் விழவேண்டும் என்று பட்டர் எல்லாவற்றையும் ஒரு நாழிகை முன்னதாகவே ஆரம்பித்துவிட்டார். சிவஞானம் முதல் முடிச்சைப் போட்டான், கோமதி இரண்டாவதைப் போட்டாள், மூன்றாவதுக்கு மஞ்சள் கயிற்றின் இரு நுனியையும் பிடித்தபடி நின்றாள். மேளக்காரர்கள் மேளத்தை இறக்கி வைத்தார்கள். ஆயிரம் பேருக்கும் பானகம் வந்தது. வெளியூர்க்காரர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சுக் கொடுத்தார்கள். ஒருவரை ஒருவர் இருபது வருஷமாகப் பார்க்காத இரண்டு சம்பந்திகள் மூன்றாம் வரிசையில் கண்டுபிடிக்கப்பட்டார்கள். கல்யாணப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தாமலேயே, "மதினி, நிக்கக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாள். "உன் கழுத்து எப்படி இருக்கு? கொஞ்சம் இடதுபக்கமாச் சாச்சுக்கோ, வலிக்காது" என்றாள் கோமதி. இரண்டு பேரும் அப்படியே பேசிக்கொண்டார்கள், நாழிகை முடிவதற்குள் சிவஞானத்தைப் பற்றிய முக்கியமான இரகசியங்களெல்லாம் கைமாறிவிட்டன.

பாதி நேரத்தில் கோமதியின் கைகள் நடுங்க ஆரம்பித்தன. முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று என்று யாரோ வந்து ஆவுடையப்பன் காதில் சொன்னார்கள். அவர் பந்திப் பக்கம் போகாமல் மேடைக்கு ஏறினார். மகளுக்குப் பக்கத்தில் போய் நின்று, அவளுடைய முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கினார்.

"வலிக்கா மக்கா?"

"இப்பம் இல்லப்பா" என்றாள் கோமதி.

ஆயிரம் பேர் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்து மாசானம் பார்த்தார். ஆவுடையப்பன் முகத்தை எங்கும் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவில்லை, அது இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு அவசரமே இல்லாமல் மூணு வந்தது, முடிச்சு விழுந்தது, கெட்டிமேளம் கொட்டியது, எல்லோரும் அட்சதையை எறிந்துவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள். ஆவுடையப்பன் மட்டும் மகளின் முழங்கையிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.